வீங்கிய காலும் வெட்டிய மெட்டியும்

அக்கா,

இன்றைக்கு வெள்ளிக்கடையில் ஒரு பெண்ணின் காலில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் மகளுக்குக் கொலுசு வாங்கப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அந்தப் பெண்ணுக்கு மெட்டி இறுகிப்போய்க் கழலவில்லை. கடைக்காரர் சின்னக் கட்டரை எடுத்ததும் கூட வந்திருந்த மாமியார் பதறினார். "ஐயய்யோ, வெட்டாதீங்கப்பா, எம் புள்ளைக்கு ஆகாது." அந்தச் சோப்பு வாசனையும் அந்தப் பேச்சும் சேர்ந்து உன் காலை என் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தின. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஊர் இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அண்ணனுக்கு நீ, தம்பிக்கு நான் என்று ஒரே வீட்டுக்கு வாழ வந்தோம். ஒரே தறியில்தான் உட்கார்ந்தோம். நீ குழியில் காலை விட்டு மிதித்து நெய்வாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளித் தருவேன். ஒரு நாள் உன் வலது கால் மெட்டி தோலுக்குள் புதைந்துபோனது. விரல் நீலம் பாரித்த பிறகுதான் பத்தரைக் கூப்பிட்டார்கள். அவர் வெட்டி எடுத்ததும் வீடே இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மகன் உயிருக்கு என்ன வருமோ என்று அத்தை அழுதார். மறுநாள் எல்லோரும் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய் உன் வீட்டுக்காரர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தோம். உனக்குப் புது மெட்டி வந்தது, ஒரு சுற்றுப் பெரிசாக. வீங்கின காலை இழுத்துக்கொண்டு பிராகாரம் சுற்றியது நீ. உன் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"அத்தே, மெட்டி சின்னதாவல, காலுதான் பெரிசாயிருக்குது. டாக்டராண்ட காட்டலாம்" என்று நான் சொல்லத்தான் சொன்னேன்.

"தறிக்குழில காலைத் தொங்கவுட்டுக்கினே இருந்தா வீங்காம என்னா பண்ணும்? எனக்கு வீங்கலையா? எங்க மாமியாருக்கு வீங்கலையா?" என்றார் அத்தை.

தெருவே அதற்குத் தலையாட்டியது. தறியில் உட்காருகிறவளுக்குக் கால் வீங்கும், அவ்வளவுதான். காலையில் எழுந்தால் உன் முகமும் உப்பியிருந்ததே, முகத்தை எந்தக் குழிக்குள் தொங்கவிட்டாய்? அதைக் கேட்க ஆளில்லை.

படிக்காதவர்களை விடு. உன் பெரிய பையன் பிறந்த காலத்திலிருந்து உனக்குச் சர்க்கரை. மாதாமாதம் போனோமே, அந்த டாக்டருக்கு என்ன வந்தது? ரத்தத்தைப் பார்ப்பார், "கன்ட்ரோல்ல இருக்குதும்மா, வெரி குட்" என்பார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நீ பூரித்துப்போவாய். மூத்திரத்தைச் சோதிக்க ஒரு நாளும் எழுதித் தரவில்லை. மூத்திரம் போனால் நுரை அடங்காமல் நிற்கிறது என்று என்னிடம் கூச்சத்தோடு சொன்னாய். "ஆம்பள டாக்டராண்ட அதைப் போயி எப்பிடிடி சொல்றது?" என்றாய். நானே உள்ளே போய்ச் சொன்னேன். அவர் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல், "தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இருந்த கிட்னி டாக்டரம்மா உன் கணுக்காலைப் பார்த்ததுமே எல்லாச் சோதனைக்கும் எழுதினார். "சர்க்கரையாலதான்னு தோணுது. ஆனா வீக்கம் இவ்ளோ வேகமா ஏறியிருக்குது, வேற நோயும் இருக்கலாம். அப்படின்னா அதுக்கு மருந்து இருக்குது. கிட்னில இருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பாத்துடலாம்" என்றார். நீர் வடிய மருந்து கொடுத்து, மூச்சு முட்டுவது நின்ற பிறகு துணுக்கு எடுத்தார்கள். அந்த முடிவு வரும்வரை, உனக்கு வேறு ஏதாவது நோயாக இருக்க வேண்டும் என்று நான் சாமியிடம் கெஞ்சினேன். இப்படி ஒரு வேண்டுதலை வைக்கும்படி ஆக்கிவிட்டார்களே என்று இருந்தது.

வேறு நோய் எதுவும் இல்லை, சர்க்கரைதான். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். கிட்னிக்குள் ரத்தத்தை வடிகட்டும் பொடிப்பொடி உருண்டைகள் இருக்குமாம். உனக்கு அவற்றின் சுவரெல்லாம் தடித்து, உள்ளே கெட்டி கெட்டியாக முடிச்சுகள் திரண்டிருந்தன. பாதிக்கு மேல் உருண்டைகளும் அவற்றைச் சுற்றியிருந்த சதையும் தழும்பாகவே மாறியிருந்தன. "தழும்பானது திரும்பாதும்மா. மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம்."

"இது எப்ப மேடம் ஆரம்பிச்சுது?" என்று கேட்டேன்.

"பல வருஷம் ஆகியிருக்கும். மொதல்ல மூத்திரத்துல புரதம் லேசா ஒழுகும். வருஷத்துக்கு ஒரு தபா அதை டெஸ்ட் பண்ணியிருந்தா அப்பவே புடிச்சிருக்கலாம். மாத்திரையிலயே ரொம்ப நாளு தள்ளியிருக்கலாம்."

ஒரு டப்பா மூத்திரம், அக்கா! அதைப் பார்க்காமல் விட்டுவிட்டு, கடைசியில் முதுகில் ஊசி குத்தித் தெரிந்துகொண்டோம்.

மிச்சம் இருந்ததும் நிற்கவில்லை. கிரியேட்டினின் ஏறியது, டயாலிசிஸ் வந்தது. போய்விட்டு வந்தால் துவண்டு சுருண்டு படுப்பாய். மழைக்காலத்தில் ஒரு நாள் அங்கேயே உன் நெஞ்சு நின்றுபோனது. உன் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். அன்றைக்குச் செய்த அர்ச்சனைதான் அவரைக் காப்பாற்றியது என்று அத்தை இப்போதும் சொல்கிறார். நான் எழுந்து போய்விடுவேன். இருந்தால் வாயில் ஏதாவது வந்துவிடும்.

இன்றைக்கு நான் எழுந்து போகவில்லை. அந்தப் பெண்ணிடம், "உனக்கு சுகர் இருக்குதாம்மா?" என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு முந்தியே இருக்குதுக்கா" என்றாள். அவள் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. "மூத்திரம் டெஸ்ட் பண்ணியிருக்கியா?"

"நகைக்கடையில வந்து என்னா பேச்சும்மா இது?" என்று மாமியார் முறைத்தார்.

"உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. மொதல்ல இந்தப் பொண்ணு காலைப் பாருங்க" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் பார்க்கவில்லை. அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். நாளைக்குக் காலையில் அவளை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன்னை நினைத்தால் எனக்குச் சாவு வீடு ஞாபகம் வருவதில்லை. துணுக்கு எடுத்த அன்றைய பகல்தான் வருகிறது. ரத்தம் கசியாமல் இருக்க மல்லாந்தபடி அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் படுக்கையில் ரத்தம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். "பகல்ல காலை நீட்டிப் படுத்து எவ்ளோ காலம் ஆவுது தெரியுமாடி" என்றாய். சாயங்காலம் நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது, இனி எழுந்திருக்கலாம் என்றாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாயே, அதை இறக்கி வைக்க எனக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கினு இருக்கட்டாம்மா?"