பிரிக்காத ஃபில்டர் பெட்டிகள்

என் செல்ல வாண்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. உன் சித்தி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, உன்னை மாதிரியே வந்ததிலிருந்து ஒரே கத்தலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் இப்படியே சுற்றிக்கொண்டிருப்பேன்.

நீ வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜின் தண்ணீர்க் குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் நூல் மாதிரி வந்தது, வாயில் வைத்தால் ஒரு வாடை. ஃபில்டரை மாற்றவில்லையா என்று அப்பாவைக் கேட்டால், "எல்லாம் மாத்தியாச்சு, சிவப்பு லைட் எரியுதா பாரு" என்று எரிந்து விழுந்தார். நானும் நம்பினேன். முந்தாநாள் ஸ்க்ரூ டிரைவர் தேடி அவர் டூல்ஸ் பையைத் திறந்தால், ஆறு மாதத்துக்கு ஒன்றாக நீ அனுப்பிய மூன்று ஃபில்டரும் பெட்டி பிரிக்காமல் அடியில் கிடக்கின்றன! ஒன்றரை வருஷமாக அந்த மனுஷன் ஒன்றையும் மாற்றவில்லை, மாற்றச் சொல்லி விளக்கு எரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். முப்பது வருஷம் குழாய் ஃபிட்டராக இருந்தவருக்கு இதற்கா சோம்பல் என்று கத்திவிட்டு நானே இறங்கினேன். ஃபிரிட்ஜுக்குள்ளே மேல் மூலையில் இருக்கும் பழைய ஃபில்டரை இடப்பக்கம் கொஞ்சம் திருகினால் கழன்று வருகிறது. பழுப்பேறிக் கிடந்தது. புதியதைச் செருகி டக்கென்று பூட்டி, முதல் தண்ணீரை ரெண்டு குண்டான் பிடித்துக் கொட்டினேன், ஐந்து நிமிஷ வேலை. அவர் கதவோரம் நின்றுகொண்டு, "அது துருப்பிடிச்சு இறுகிப்போச்சு, அதான்" என்றார். அது பிளாஸ்டிக், வாண்டு. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்று அவருக்கா நான் சொல்லித் தர வேண்டும்? பார்த்தால் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து கவனிக்கிறேன். டம்ளரை இடது கையால் எடுக்கிறார். சட்டையை விட்டுவிட்டுப் பட்டன் இல்லாத பனியனாகப் போட்டுக்கொள்கிறார், கிழவருக்கு வயசு திரும்புதோ என்று நான் கிண்டல் வேறு செய்திருக்கிறேன், பாவி. டாக்டரிடம் போகலாம் என்றால், "ஒண்ணுமில்ல, சும்மா மரத்துப்போச்சு" என்கிறார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அடுக்கிய பாத்திரத்தையே எடுத்து எடுத்து அடுக்குகிறேன். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் கடிதம். நீ கேட்டால் உன்னிடமும் ஒண்ணுமில்லை என்பார், அதுவும் பட்டனை அழுத்துகிற வேலைதான், ஏமாந்துவிடாதே. நீ ஒரு வார்த்தை கண்டித்துச் சொன்னால் டாக்டரிடம் கிளம்பிவிடுவார், என் பேச்சு எடுபடவில்லை.

ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே. எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்பார், அப்பா சொல்லமாட்டார், எனக்கும் தெரியவில்லை. என் கடிதங்களுக்கு உறைமேல் விலாசம் எழுதுவது அப்பாதானே. "கண்ணாடியைக் காணோம், நீயே எழுது" என்று எப்போது ஆரம்பித்தார் என்று எனக்கு நினைவில்லை. உன்னிடம் இருக்கிற உறைகளையெல்லாம் எடுத்துப் பார், அவர் கையெழுத்து கடைசியாக எந்தத் தேதித் தபால் முத்திரையோடு வந்திருக்கிறது என்று எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா