வாடகை நோடும் புவனேஸ்வரியின் வேலையும்

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? புனேயில் நான் நலம். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

பக்ரீத் முடிந்து தோல் குவியும்போது மட்டும் நீங்கள் வாடகை லாரி பிடிப்பீர்கள் அல்லவா? அலுவலகத்தில் நான் செய்ததும் அதுதான். எங்கள் இணையதளத்தில் கூட்டம் கூடும்போது, கன்டெய்னர் என்று நாங்கள் சொல்லும் மென்பொருள் பொட்டலங்கள் வெளியே கிளவுடில், அதாவது வாடகைக் கணினிகளில், ஓடும். அவற்றைப் பகிர்ந்து ஓட்டும் எங்கள் கணினிக் கூட்டமான குபெர்னெட்டிஸ் கிளஸ்டருக்கு அது இன்னொரு நோடாகவே, அதாவது இன்னொரு கணினியாகவே தெரியும். கூட்ட நேரத்துக்கென்று சொந்தமாக சர்வர்கள் வைத்துப் பராமரிக்க இனி வேண்டியதில்லை.

அந்த சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் அறைத்தோழி, ஒட்டன்சத்திரத்துப் புவனேஸ்வரி. "இதனால் யார் வேலையும் போகாது" என்று மேலாளர் என்னிடம் உறுதி சொன்னார். நம்பி, அதையே அவளிடம் சொன்னேன். அவளும் கூடவே உட்கார்ந்து சோதித்துக் கொடுத்தாள். எல்லாம் ஒழுங்காக ஓடிய மறுநாளே அவளை அனுப்பிவிட்டார்கள். மேலாளர் எனக்குக் கைகொடுத்துப் பாராட்டினார்.

"உனக்கு முன்னாடியே தெரியும்தான?" என்றாள் பெட்டி கட்டும்போது.

"சத்தியமா தெரியாதுடி."

"சரி, விடு" என்று ஊருக்குப் போய்விட்டாள்.

மேலாளர் என்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அத்தா. என் வாயாலேயே அவளை ஏமாற்ற வைத்ததுதான் ஆறவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் சின்ன குக்கர் ஒன்று கொடுத்தனுப்புங்கள். ஒருத்திக்குச் சோறு வைக்கும் அளவு போதும்.

அலுவலக வண்டி வந்துவிட்டது. ஒட்டன்சத்திரம் போனால் அவள் வீட்டில் ஒரு எட்டு நுழைந்து, என் மகளுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

உங்கள் மகள்,
முஹ்சினா