சத்து மாத்திரை டப்பா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் காகிதத்தை உன் நீலச் சுடிதாருக்கு அடியில் வைக்கிறேன். அங்கே போய்ப் பெட்டியைத் திறக்கும்போது கிடைக்கட்டும். நேரில் சொன்னால் என்னடி என்பாய். எனக்கு நேரில் பேச்சு வராது என்று உனக்குத் தெரியாதா? எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்தே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை மாமா உனக்கென்று ஒரு பாட்டே பாடிவிட்டார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டுமாம். வயிறு கெட்டால் கரைத்துக் குடிக்க உப்புச் சர்க்கரைப் பொட்டலம் பத்து கொடுத்தார், பக்கப் பையில் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு நகல் எடுத்துத் தனியாக வைக்க வேண்டுமாம். கடைசியாகச் சொன்னது இது: "மாத்திரைய அட்டையோட கொண்டுபோகச் சொல்லும்மா. டாக்டர் சீட்டு கைப்பையிலயே இருக்கணும். தெரியாத ஊர்ல மயங்கி விழுந்தா, உங்க அக்காவுக்காக அந்தச் சீட்டுதான் பேசும்."

அம்மாவிடம் சொன்னேன். "உங்க மாமாவுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். வலிப்பு மாத்திரைன்னு ஒருத்தர் கண்ணுல பட்டாப் போதும், வந்த வழியே திருப்பி அனுப்பிடுவாங்க. இதனால ஒரு சம்பந்தம் முறிஞ்சது பத்தாதா?" என்றாள். வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பத்தில் நோய் எதுவும் இல்லை என்றுதானே எழுதிக் கொடுத்திருக்கிறோம். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கடையில் காலியான வைட்டமின் டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மூன்று மாத மாத்திரை நூற்றெண்பதையும் அட்டையிலிருந்து பிதுக்கிப் போட்டிருக்கிறேன். ஒருவருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று அம்மா சொன்னதால், மேலே சிவப்பு மையில் 'சத்து மாத்திரை' என்று எழுதி ஒட்டினேன். டாக்டர் சீட்டு அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

காலை ஒன்று, இரவு ஒன்று. ஒரு வேளைகூட விடாதே அக்கா.

உன் தங்கை

* * *

ஜூன் 25

என் வாயில்லாப் பூச்சிக்கு,

காகிதத்தைப் படித்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். அப்புறம் சிரிப்பு வந்தது. காகிதத்தில் மட்டும் எவ்வளவு பேசுகிறாய்!

விமான நிலையத்தில் ஓர் அதிகாரி டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. மேலே எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். உன் வேலை சுத்தம்.

பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள். மலை மலையாகப் படுக்கை விரிப்புகள். ஓர் அறைக்கு நாலு பேர், இரண்டு அடுக்குக் கட்டில். மேல் கட்டில் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே, அதனால் வாயைத் திறக்காமல் ஏறிப் படுத்துக்கொள்கிறேன்.

எனக்குக் கீழே படுப்பவள் நம் பாஷைக்காரி. நடக்கிற வேகத்துக்கு அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். "என்ன மகராசி, தினம் சத்து மாத்திரை சாப்பிடுற, எனக்கு ஒண்ணு கொடுத்தாத்தான் என்ன? நானும் உன்னை மாதிரி தளதளன்னு ஆயிடுவேன்ல?" என்று ஒருநாள் கேட்டாள். கொடுக்க முடியுமா? "டாக்டர் எனக்குன்னு கொடுத்தது" என்றேன். "வைட்டமினுக்குக்கூட டாக்டரா! கஞ்சப் பிசினாரி!" என்று தலையில் குட்டினாள். நல்லவள். பாவம், பத்து நாளாக நின்ற இடத்தில் தூங்கி வழிகிறாள். மின்னல் மங்கிப்போச்சு என்று கேலி செய்கிறோம்.

ஒன்று கேட்க மறந்தேன். நேற்று இரவு மாத்திரை போட்டபின் எண்ணிப் பார்த்தேன், நூற்றிரண்டுதான் இருக்கிறது. அவசரத்தில் குறைத்துப் போட்டுவிட்டாயா?

அக்கா

* * *

ஜூலை 5, ஞாயிறு

அக்கா,

நான் குறைத்துப் போடவில்லை. தட்டில் ஐந்தைந்தாகத் தள்ளி இரண்டு முறை எண்ணினேன். இருபத்திரண்டு நாளுக்கு நாற்பத்து நாலு போனால், நூற்று முப்பத்தாறு இருக்க வேண்டும். முப்பத்து நாலு எங்கே?

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. மின்னல் அக்கா மாத்திரை கேட்டாள், மின்னல் அக்கா தூங்கி வழிகிறாள். நீ இதை அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறாய். உனக்கு உறைக்கவே இல்லையா? அவள் திருடவில்லை அக்கா. சத்து மாத்திரை என்று எழுதியிருப்பதை நம்பி எடுத்துச் சாப்பிடுகிறாள். எழுதினது நான்.

பெயர் சொல்லாமல் மாமாவிடம் கேட்டேன். "அந்த நோய் இல்லாதவங்க தின்னா தலை சுத்தும், கண் சொருகும். தேவைப்படுறவங்களுக்கு நடுவுல தீர்ந்துபோனா அது இன்னும் ஆபத்து" என்றார்.

இன்று நீ மாதத்துக்கு ஒருமுறை பேசுகிறபடி உங்கள் சலவைக்கூட மேற்பார்வை அம்மாவின் போனில் கூப்பிட்டாய் அல்லவா? காலையிலிருந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நம் அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு, "அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே, பக்கத்துல ஆள் இருக்கும்" என்று காதோடு சொன்னாள். நீ "எப்படிடி இருக்க?" என்றாய். நான் "நல்லா இருக்கேன்" என்றேன். அவ்வளவுதான். போன் அம்மா கைக்குப் போய்விட்டது. அப்புறம் கொல்லைப்பக்கம் போய் என் வாயிலேயே அடித்துக்கொண்டேன்.

உனக்கென்று ஒரு நம்பர்கூட இல்லையே. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பார்த்த உடனே டப்பாவைப் பூட்டி வை. மின்னல் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடு. மேல் கட்டிலிலிருந்து இறங்கிவிடு.

தங்கை

* * *

ஜூலை 18

தங்கச்சி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. திங்கட்கிழமையே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

இஸ்திரி மெஷினில் விரிப்பை இழுத்துக்கொண்டிருந்த மின்னல் அப்படியே கண் சொருகிச் சாய்ந்தாள். வலது கை உள்ளே போய்விட்டது. அந்தச் சத்தமும் நாற்றமும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நானும் மேற்பார்வை அம்மாவும்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

டாக்டர் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். கண் பாப்பா சரியில்லை, இந்தப் பெண் என்ன மருந்து சாப்பிடுகிறாள்? மின்னல் வலியிலும் தலையைத் தூக்கி, "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல. இவ டப்பாவுல இருந்து சத்து மாத்திரைதான், தெம்புக்கு ரெண்டு ரெண்டா எடுத்துக்கிட்டேன். கோச்சுக்காதடி" என்றாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், தங்கச்சி. என்னிடம்.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவளுக்கு என்ன ஊசி போடுவார்களோ, என்ன ஆகுமோ. "அது சத்து மாத்திரை இல்லை. என்னுடைய வலிப்பு மாத்திரை" என்றேன். மேற்பார்வை அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, செத்தவள் எழுந்து வந்தாற்போல் பார்த்தாள். டாக்டர் மட்டும் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே" என்று உள்ளே ஓடினார்.

அவள் பிழைத்துக்கொண்டாள். மூன்று விரல் இனி மடங்காதாம். நேற்றுப் பார்க்கப் போனேன். "படுபாவி, சொல்லியிருந்தா கீழ்க்கட்டிலை உனக்கே விட்டிருப்பேனே. மேலேருந்து விழுந்து மண்டை உடைஞ்சிருந்தா யார் பதில் சொல்றது?" என்றாள். அதோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அரை மணி நேரம் நின்றேன். அவள் திரும்பவே இல்லை.

என்னை மெஷினிலிருந்து மாற்றித் துணி மடிக்கப் போட்டிருக்கிறார்கள். வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்களாம். அந்தச் சீட்டை அனுப்பு. அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதினது நீ என்றால், எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டு தொங்கினது நான்.

அக்கா

* * *

ஜூலை 28

அக்கா,

மூன்று விரல் என்ற இடத்துக்கு மேல் படிக்க எனக்கு ஒருநாள் பிடித்தது. கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் என் விரல்களையே பார்க்கிறேன்.

அம்மாவிடம் போய் நின்று, "பெட்டிச் சாவியைக் கொடும்மா" என்றேன். எதற்கு என்றாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். "ஐயையோ, எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சா!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சு போனதுக்கு அழாதேம்மா. தெரியாம இருந்ததாலதான் ஒருத்தி கை வெந்துபோச்சு" என்றேன்.

என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. இருக்கட்டும்.

மாமாவிடமும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போய் உன் பெயர் போட்டுப் புதுச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். பழையதும் புதியதும் இதோடு வருகின்றன. மாத்திரையும் அவரே அனுப்பியிருப்பார், ஆனால் அதை அங்கேயே சீட்டைக் காட்டி வாங்குவதுதான் முறையாம். அட்டையை வெட்டாதே. மருந்தின் பெயர் எப்போதும் தெரியட்டும்.

அந்த டப்பாவில் நான் ஒட்டியதைக் கிழித்து எறிந்துவிடு.

அவர்கள் உன்னை அனுப்பிவிட்டால் வா. இருக்கச் சொன்னால் கீழ்க்கட்டிலில் படு. எதுவானாலும், இந்தக் கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேற்பார்வை அம்மாவிடம் கெஞ்சியாவது அந்தப் போனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நம் வீட்டுப் போனை நான்தான் எடுப்பேன். உன்னிடம் பேச அல்ல. மின்னல் அக்கா காதில் வை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை, அந்தக் காதில் வை.

அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எழுதினது யார் என்று மட்டுமாவது சொல்லிவிடுவேன்.

தங்கை