தகரம் என்று சொன்ன வாய்

ஜூன் 3, செவ்வாய்

ஜெயசித்ரா டீச்சர் காரை என் ஒர்க்ஷாப்பில் விட்டுப் போனார்கள். பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதை வாங்குவதற்கு முன் என்னிடம் வந்து கேட்டவர்கள். "கொரியா வண்டியா? தகரம் டீச்சர், வேண்டாம்" என்றேன். சரி அண்ணாச்சி என்று தலையாட்டிவிட்டுப் போய் மறுவாரமே வாங்கிவிட்டார்கள். இன்றைக்குச் சாவியைக் கொடுக்கும்போது, "இப்பவும் தகரந்தானா அண்ணாச்சி?" என்று ஒரு சிரிப்பு.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, எங்காவது ஒரு குறை இல்லாமலா போகும்? சாயங்காலம் வரை தேடினேன். அடியில் படுத்துப் பார்த்தேன். ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்தேன். பம்பரில் ஏறிக் குதித்தேன். ஒன்றுமில்லை. டிக்கியில் ஒரு குடை கிடந்தது, அதில்தான் ஒரு கம்பி உடைந்திருந்தது.

பிரேக் பார்க்க ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினால் போதும். சேத்தூரையே தாண்டிய பிறகுதான், வண்டியைத் திருப்ப வேண்டும் என்ற ஞாபகம் வந்தது.

ஜூன் 4

தூக்கத்தில் என் வீட்டுக்காரி முனீஸ்வரியின் கையைப் பிடித்து மூன்றிலிருந்து நாலாவது கியருக்குத் தள்ளினேனாம். காலையிலிருந்து தோள்பட்டை வலி என்கிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

வாங்கிவிட்டேன்.

எழுதிவிட்டு ஒரு தடவை எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வேல்பாண்டி கொரியா வண்டி வாங்கிவிட்டான்! ராஜபாளையத்தில் எவன் காதிலாவது விழுந்தால் நான் ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பேட்டரிக் கடை வைத்திருக்கிற எட்வின்தான் சொன்னான். வ. புதுப்பட்டியில் ஒருவர் வெளிநாடு போகிறார், வண்டியை விற்கிறார், நாலு வருஷ வண்டி, ஒரே ஆள் ஓட்டியது. சும்மா பார்ப்போம் என்று போனேன். சிவப்பு. அது என்ன சிவப்பு — மிளகாய்ப் பழம் மாதிரி. பழைய வழக்கத்தில் விரல் முட்டியை மடக்கி பானெட்டில் தட்டப் போனேன். கை தானாக விரிந்து தடவிக் கொடுத்தது. வெட்கமாகப் போய்விட்டது. எட்வின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான், நல்லவன்.

இந்தத் தட்டுகிற வழக்கம் தொண்ணூற்றொன்பதில் வந்தது. ஊருக்குள் முதல் கொரியா வண்டி வந்த புதிது. கடைத்தெருவில் ஒரு மாடு சாய்ந்து கதவு அமுங்கி என்னிடம் வந்தது. சந்தையில் பானை வாங்குகிற மாதிரி முட்டியால் தட்டினேன். டங் என்றது. "தகரம்லே இது" என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயசு, நாலு பேர் சிரித்ததும் அதுவே என் தீர்ப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில். மாடு சாய்ந்தால் எந்தக் கதவுதான் அமுங்காது? இதை நான் என்னையே கேட்க இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது.

வண்டி எட்வின் கடைக்குப் பின்னால், ரத வீதியை ஒட்டிய சந்தில் ஒரு ஷெட்டில் நிற்கிறது. நான் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

எட்வினிடம் பேட்டரி விஷயமாகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். கூமாப்பட்டி தாண்டி மலையடிவாரம் வரை போய், மகாராஜபுரம் வழியாக வந்தேன். தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஜன்னலை ஏற்றி ஏசியைப் போட்டால் — அடேயப்பா. ஸ்பீட் பிரேக்கரில் ஏறியதே தெரியவில்லை. சந்தேகம் வந்து திரும்பிப் போய் இன்னொரு தடவை ஏறினேன். அப்போதும் தெரியவில்லை. மூன்றாவது தடவை ஏறியபோது அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

மறுபடியும் பேட்டரி.

ஜூன் 23

சளி. முனீஸ்வரி மிளகுக் கஷாயம் கொடுத்தாள். "இந்த வெயில்ல சளி பிடிச்ச ஆளு ஊருக்குள்ள நீங்க ஒருத்தருதான்" என்றாள். ஏசியைக் குறைத்து வைக்க வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

சோலைராஜ் மச்சான் வந்தார், முனீஸ்வரியின் அண்ணன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி வைத்திருக்கிறார். இரண்டாயிரத்து மூன்றில் ஒரு கொரியா வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தவரை நான்தான் தடுத்து, இந்த டீசல் வண்டியை வாங்க வைத்தேன். இரும்பு மலை. அன்றிலிருந்து அது ரோட்டில் ஓடியதைவிட என் ஷெட்டில் நின்றதுதான் அதிகம். ஸ்டார்ட் பண்ணினால் அடுத்த தெருவில் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும்.

திட்டினாலாவது பரவாயில்லை. மனுஷன் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. தள்ளிக்கொண்டு வரும்போதுகூட, "எங்க மாப்ள பாத்து வாங்குன வண்டி, கட்டுன வீடு கணக்கா" என்றுதான் சொல்லுவார்.

இன்றைக்கு முகம் சரியில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் யோகேஸ்வரி, தன் சம்பாத்தியத்தில் அப்பாவுக்கு ஒரு கார் புக் பண்ணியிருக்கிறாள். கொரியா வண்டி. "ஒங்க மாமா தகரம்னு சொன்ன வண்டியில நான் காலெடுத்து வைக்க மாட்டேன்னுட்டேன். புள்ள மூணு நாளா பேச மாட்டேங்கா" என்றார்.

நான் ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

ஜூலை 2, புதன்

யோகேஸ் போன் பண்ணினாள். "மாமா, நீங்க ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னாப் போதும். அப்பா ஒங்க பேச்சைத்தான் கேப்பாக."

பார்க்கலாம்மா என்றேன். ஒரு வார்த்தைதானே? ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

டீக்கடையில் ஏழெட்டுப் பேர். சைக்கிள் கடை தங்கப்பாண்டியன், மில்லில் வேலை பார்க்கிற பிரேம்குமார், எல்லாரும். மச்சான் நேராக வந்து எல்லார் முன்னாலும் கேட்டார். "மாப்ளே, முடிவாச் சொல்லுங்க. கொரியா வண்டி எப்படி?"

எட்டு முகமும் என்னைப் பார்த்தன. நல்ல வண்டி மச்சான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தகரம்" என்றேன்.

வழக்கம்போலச் சிரித்தார்கள். வழக்கம்போல எனக்கும் ஒரு நொடி இனித்தது. ஒரே ஒரு நொடி.

ஜூலை 7

யோகேஸ் புக்கிங்கைத் தள்ளி வைத்துவிட்டாளாம். எனக்குப் போன் பண்ணவில்லை.

ஏன்டா வேல்பாண்டி, ஒனக்கு வெக்கமா இல்லையா? சட்டைப் பையில கொரியா சாவிய வச்சுக்கிட்டு அந்த மனுசன் மூஞ்சியப் பாத்து எப்படிறா சொன்ன?

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்கு வண்டியை எடுக்கக் கூடாது, அதுதான் எனக்குத் தண்டனை என்று முடிவு செய்தேன். பதினொரு மணி வரை தாங்கியது.

ஜூலை 27, ஞாயிறு

நாளைக்கு ஆடிப்பூரம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர். மச்சான் டீசலில் எல்லாரும் போகிறோம். கிளட்சை இன்றைக்கே பார்த்து வைத்தேன்.

எட்வின் ஐந்து தடவை போன் பண்ணியிருக்கிறான். வீட்டில் ஆள் இருந்ததால் எடுக்கவில்லை. பேட்டரி ஏதாவது இருக்கும். (நானே இப்போது பேட்டரியை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.)

ஜூலை 28, திங்கள்

வெட்கமாகவும் இருக்கிறது. சிரிப்பும் வருகிறது. வரிசையாக எழுதுகிறேன்.

தேர் அன்றைக்கு ரத வீதியிலும் பக்கத்துச் சந்துகளிலும் ஒரு வண்டி நிற்கக் கூடாது. ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நான் ஒளித்து வைத்திருந்த இடம் அந்தச் சந்து! ராஜபாளையமே வந்து குவிகிற நாளில், ராஜபாளையத்துக்குத் தெரியக்கூடாத வண்டியைத் தேர் போகிற பாதையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். மூளை என்று ஒன்று இருந்தால் செய்வேனா?

போய் இறங்கியதும் எட்வின் போன். "அண்ணாச்சி, இப்பவே எடுக்கலைன்னா போலீஸ் தூக்கிட்டுப் போயிரும்." வயிறு சரியில்லை என்று முனீஸ்வரியிடம் சொல்லிவிட்டு ஓடினேன். எடுத்தேன். சந்திலிருந்து வெளியே வந்து பஜார் முக்கில் திரும்பினால் ஜனம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஜனங்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போகிறார்கள். தங்கப்பாண்டியன் பானெட்டில் கையை ஊன்றி நின்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான். என்னைப் பார்க்கவில்லை.

அப்புறம் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். மச்சான். பின்னால் முனீஸ்வரி, கையில் சோடாவோடு. வயிற்றுக்கு வாங்கி வந்திருக்கிறாள்.

கண்ணாடியை இறக்கினேன். குளிர்ந்த காற்று அவர் முகத்தில் அடித்தது.

"இது யாரு வண்டி மாப்ளே?"

கஸ்டமர் வண்டி என்றால் முடிந்தது. மெக்கானிக்குக்கு அதைவிட நல்ல பொய் உண்டா? அவரும் நம்பியிருப்பார், நான் எது சொன்னாலும் நம்புகிறவர். ஆனால் அதை அடுத்தவன் வண்டி என்று சொல்ல மனசு வரவில்லை.

"என் வண்டி மச்சான்."

"எப்பருந்து?"

"ஜூன் எட்டுலருந்து."

அவர் மனசுக்குள் தேதியைக் கூட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. "அப்ப டீக்கடையில எங்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீக?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இனிமே ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

முனீஸ்வரி மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். சோடாவை அவளே குடித்தாள். "அம்பது நாளா ஒத்தையில ஓட்டிருக்கீக" என்றாள். அவளுக்கு அதுதான் குற்றம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

டீக்கடையில் எல்லாரும் இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். காரிலேயே போனேன். "கேட்டுக்கோங்க. இருபத்தாறு வருசமா நான் சொன்னது தப்பு. கொரியா வண்டி நல்ல வண்டி" என்றேன். பூமி பிளக்கும் என்று நினைத்துக் கண்ணைக்கூட மூடிக்கொண்டேன்.

பிரேம்குமார் வடையைத் தின்றுகொண்டே, "தெரியும்ணே. நாங்க எப்பவோ வாங்கிட்டோம்லா" என்றான். வெளியே பார்த்தேன். நின்ற ஆறு காரில் நாலு கொரியா. அதில் மூன்றுக்கு நான்தான் ஆயில் மாற்றுகிறேன்! "பொறவு எதுக்குலே எங்கிட்ட வந்து கேப்பீக?" என்றேன். தங்கப்பாண்டியன் சொன்னான்: "நீரு தகரம்னு சொல்லுறதக் கேக்க நல்லாருக்கும்."

அரை மணி நேரம் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. இந்த ஊரில் என் பேச்சை நிஜமாக நம்பியது ஒரே ஒரு ஆள். அவரிடம்தான் பொய் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மச்சான் டீசலின் கிளட்ச் போய்விட்டது. ஆள் விட்டு அனுப்பியிருக்கிறார், தான் வரவில்லை. வாயால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, என் வாய்க்கு இப்போது மரியாதை கிடையாது. சிவப்பை ஓட்டிக்கொண்டு சத்திரப்பட்டி போனேன். தறிக்கு முன்னால் நிறுத்தி, சாவியை அவர் மேஜையில் வைத்தேன். "ஒங்க வண்டி ரெடியாக நாலு நாளாகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கிளட்ச் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 7

தளவாய்புரத்தில் அவருக்கு ஒரு கல்யாணம். பஸ்ஸில் போவாரா? போவார், ரோஷக்காரர். சிவப்பு இல்லாமல் எனக்குக் கை அரிக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

வண்டி திரும்பி வந்தது. மச்சானே ஓட்டி வந்தார். "கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன்" என்று சாவியை நீட்டினார். வேறு பேச்சில்லை.

அவர் போனதும் மீட்டரைப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தளவாய்புரத்துக்குப் போக வர அறுபதுகூட வராது. அப்படி எங்கேதான் போனார்? சீட்டுக்கு அடியில் குற்றாலத்து நேந்திரம் சிப்ஸ் பாக்கெட் கிடந்தது, காலி. ஒர்க்ஷாப்பில் தனியாக நின்று கைதட்டினேன்.

ஆகஸ்ட் 11

மச்சானுக்குச் சளி என்று முனீஸ்வரி சொன்னாள்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. யோகேஸ் வண்டி டெலிவரி எடுத்தாள். வெள்ளை நிறம். மச்சான் முன்சீட்டில் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். யோகேஸ் என்னைப் பார்த்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுறதுக்குப் பதிலா நாலு நாள் கார விட்டுட்டுப் போயிருக்கீக" என்று சிரித்தாள். எனக்கு ஜிலேபி கிடைத்தது. மச்சான் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் வெள்ளைக் கார். மச்சான் இறங்கினார். முகம் வாடியிருந்தது. யோகேசுக்குச் சொல்லாமல் வந்திருக்கிறார்.

"வண்டியில ஏதோ கோளாறு மாப்ளே. நின்னா சத்தமே வரமாட்டேங்கு. ஆஃப் ஆயிருச்சுன்னு சாவியத் திருப்புனா கிர்ருங்குது. ஷோரூம்ல கேட்டா ஒண்ணுமில்லைங்கான். வித்தவன் அப்படித்தான சொல்லுவான்."

சிரிப்பு தொண்டை வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் எல்லாவற்றையும் பார்த்தேன். அவரை உட்கார வைத்து ரயில்வே கேட் வரை ஓட்டிப் பார்த்தேன். வந்து நிறுத்தியதும் சொன்னேன். "கோளாறு இல்ல மச்சான். ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இந்த வண்டி சத்தம் இல்லாமத்தான் ஓடும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "நெசமாவா?"

"நெசம்."

"அப்பச் சரி" என்றார். முனீஸ்வரி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். தேர் அன்றிலிருந்து எண்ணினால், அந்த இரண்டு வார்த்தையைக் கேட்க எனக்கு நாற்பத்தொரு நாள் ஆகியிருக்கிறது.