ஒரு பெட்டி போதும்

ருதைனா,

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் உட்கார்ந்துவிடாதே. கார் ஸ்பீக்கருக்கு வைத்த ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது போலிருக்கிறது. "ரெண்டு சப்வூஃபர் பெட்டியையும் சேர்த்து மாட்டினா தடை ரெண்டு ஓம்தான் வரும், இந்த ஆம்ப் நாலுக்குக் கீழ தாங்காதுங்க" என்று நேற்றே சொன்னாய். "உன் பிசிக்ஸ் பாடத்தை ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு நடத்து" என்று கத்தினேன். காலையில் தெருவே அதிர வைத்தேன். பத்தே நிமிடம். கை வைக்க முடியாத சூடு, சிவப்பு விளக்கு, அப்புறம் மூச்சே இல்லை.

நாலு மணிக்குக் கல்யாண ஊர்வலம். கல்யாணப் பெண்ணை, என் தங்கை லமீஸை, அலங்காரத்துக்கு டாக்ஸியில் கூட்டிப் போகிறேன். ஆம்பை மின்விசிறிக்கு எதிரே வைத்திருக்கிறேன். ஆறியதும் காரில் ஒரே பெட்டியோடு மாட்டிப் பார். சாவி பருப்பு டப்பாவில். பச்சை விளக்கு எரிந்தால் போன் பண்ணு. எரியாவிட்டாலும் பண்ணு.

மக்லூபா சோறு அடுப்பில் இருக்கிறது. அம்மா வரும்வரை பானையைத் தட்டில் கவிழ்க்காதே.

நீ சொன்னதுதான் சரி.

நப்ஹான்

பெட்டியை லமீஸின் சீட்டுக்குப் பின்னால் ஒட்டி வை. ஸர்கா ஊர் முழுக்கக் கேட்காவிட்டால் போகட்டும். காது கேட்காத பெண்ணுக்கு மேளம் முதுகு வழியாகத்தான் வரும். காலையில் பாட்டு நின்ற பிறகும் அவள் கார்க் கதவில் வைத்த உள்ளங்கையை எடுக்கவில்லை. 'இதோ வந்துரும்' என்று கையால் சொல்லிவிட்டேன்.