சாப்பிடலை என்று சொன்ன பிள்ளைகள்

என் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு,

நேற்று சாயங்காலம் மின்சார ரயிலில் கண்ணயர்ந்துவிட்டேன். ஆவடியிலிருந்து அம்பத்தூருக்குக் கால்மணி நேரப் பயணம், அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். நம் குவார்ட்டர்ஸ் தெருவில், தூங்குமூஞ்சி மரத்தடியில், கையில் குழம்புக் கரண்டியோடு நின்றீர்கள். தெரு முழுக்க இளஞ்சிவப்பாய்ப் பூ உதிர்ந்து கிடந்தது. வழக்கம்போல அதே கேள்விதான். "சாப்பிட்டியாம்மா?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அம்பத்தூர் வந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவதி கூடையால் இடித்து எழுப்பிவிட்டாள்.

நீங்கள் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அந்தக் கேள்வி மட்டும் போகமாட்டேன் என்கிறது. கனவில்கூட மகளிடம் கேட்க உங்களுக்கு வேறொன்றும் இல்லையா?

என் சேதியைச் சொல்கிறேன். முழங்கால் வலியால் வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் சும்மா இருப்பேன் என்று நினைத்தீர்களா? உங்கள் மகளுக்கு அது வருமா? இப்போது பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போய்வருகிறேன். பயப்படாதீர்கள், வழக்கு என்மேல் இல்லை. பிள்ளை யாரிடம் இருப்பது என்று அப்பாவும் அம்மாவும் வழக்காடும்போது, பிள்ளை பக்கம் பேச ஓர் ஆள் வேண்டாமா? சம்பளமில்லாத அந்த ஆள் நான்தான். இரண்டு வீட்டுக்கும் போவேன், பிள்ளையோடு உட்காருவேன், பார்த்ததையும் கேட்டதையும் நீதிபதிக்கு எழுதிக் கொடுப்பேன். அந்த நாளில் நமக்கு அப்படி ஓர் ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் அப்பா?

இப்போது ஒரு சின்னப் பெண்ணின் வழக்கு. பெயரை வெளியே சொல்லக் கூடாது, குட்டிம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயது. அம்மா வேப்பம்பட்டில். அப்பா கரையான்சாவடியில், கம்பெனி வேன் ஓட்டுகிறார். சனிக்கிழமை காலை ஆவடி ஸ்டேஷனில் அம்மா கொண்டுவந்து விடுவாள். ஒரு ராத்திரி அப்பா வீடு. ஞாயிறு சாயங்காலம் அதே இடத்தில் திரும்ப ஒப்படைப்பு. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளமாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேப்பம்பட்டு வீட்டில் இருந்தபோது குட்டிம்மா வந்து சேர்ந்தாள். "சாப்ட்டியாடி?" என்றாள் அம்மா. "இல்லம்மா. அங்க ஒண்ணுமே சாப்பிடல." அவ்வளவுதான், அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுதாள். "பாத்தீங்களா மேடம்? எம்புள்ளையப் பட்டினி போட்டு அனுப்புறான்." எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று உங்களுக்குத் தெரியுமே. அந்த மனிதரின் சமையலறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் எழுதிவிட்டேன்: தந்தை வீட்டில் குழந்தைக்குச் சரியாக உணவு தரப்படுவதில்லை.

அந்த ஒரு வரியை அம்மா தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டார். இனிமேல் ராத்திரித் தங்கலே கூடாது என்று மனு. அடுத்த வாய்தாவில் முடிவு.

குட்டிம்மாவின் அப்பா போன் செய்தார். "இன்னா மேடம் இப்டி எழுதிட்டீங்க? எம்பொண்ணுக்கு சோறு போடாம நான் இன்னாத்துக்கு உசுரோட கீறேன்? அவ வர்றான்னா விடிகாலைல மீனுக்கு ஓடுறவன் மேடம் நானு. அந்த ஒரு நாளும் போச்சுன்னா எனக்கு இன்னா கீது, சொல்லுங்க."

"குழந்தை பொய் சொல்லுமா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான் கேட்டேன் அப்பா அந்தக் கேள்வியை. போயும் போயும் நான்!

ஆனாலும் மனசு ஆறவில்லை. அடுத்த சனிக்கிழமை வேப்பம்பட்டிலேயே அம்மாவோடும் பிள்ளையோடும் ரயில் ஏறினேன். ஜன்னலோர வெயிலில் குட்டிம்மா டப்பாவைத் திறந்தாள். திருநின்றவூர் தாண்டுவதற்குள் பொடி தடவிய நாலு இட்லி உள்ளே போயிற்று. விரலைக்கூட நக்கினாள். ஆவடியில் இறங்கினோம். அம்மா படிக்கட்டருகே தள்ளியே நின்றுவிட்டாள். அவள் அப்பா ஓடிவந்து பிள்ளைக்கு எதிரே குந்தினார்.

"சாப்ட்டியா தங்கம்?"

"இல்லப்பா."

அந்த மனிதரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வானத்தையே கையில் கொடுத்ததுபோல எழுந்தார். "வா, வா, அப்பா வாங்கித் தரேன்."

எனக்குப் பிளாட்பாரம் மெதுவாக நழுவியது. கூட்டமும் அறிவிப்பும் எங்கோ தூரத்தில் கேட்டன. அந்த மனிதர் நின்ற இடத்தில் நீங்கள் நின்றீர்கள், அரைக்கைச் சட்டையும் சைக்கிள் சாவியுமாக. ஒன்பது வயதில் நான், கோவில்பதாகை மாமா வீட்டில் அம்மா சுட்ட தோசை தொண்டைவரை நிற்க, உங்களைப் பார்த்து "சாப்பிடலைப்பா" என்கிறேன். சாயங்காலம் உங்கள் கறிக்குழம்பும் சோறும் வயிறு முட்ட நிற்க, அம்மாவைப் பார்த்து அதையே சொல்கிறேன்.

டீக்கடை ஓரத்தில் குட்டிம்மாவைத் தனியாகப் பிடித்தேன். "ஏன்டி கண்ணு அப்படிச் சொன்னே?"

அவள் செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தாள். "சாப்ட்டேன்னு சொன்னா, சரின்னுட்டு போனை நோண்டுவாரு. இல்லன்னு சொன்னா சிரிப்பாரு. அம்மாவும் இல்லன்னு சொன்னாதான் கட்டிப்பாங்க."

"வயிறு வலிக்காதா?"

"வலிக்கும். பரவால்ல ஆன்ட்டி."

நான் அழுதுவிட்டேன் அப்பா. வெட்கமில்லாமல் டீக்கடை வாசலில் நின்று அழுதேன்.

உங்களுக்கு நினைவிருக்கும், நம் வாய்தா நாள். "பிள்ளைக்குச் சாப்பாடே போடறதில்லையாமே?" என்று நீதிபதி ஐயா கேட்டார். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகூட உங்கள் கையால் ஊட்டிவிட்டிருந்தீர்கள். பிள்ளை பொய் சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இனிமே பாத்துக்கறேன்யா" என்று மட்டும் சொன்னீர்கள். அதோடு நம் ஞாயிற்றுக்கிழமைகள் கோர்ட் வராந்தாவில் ஒரு மணி நேரமாகச் சுருங்கின. நான் வளர்ந்து, கல்யாணமாகி, உங்களைத் தேடி வந்தபோதும் அதே கேள்வி. நாற்பது வயதிலும் நான் "இல்லப்பா" என்றுதான் சொன்னேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியுமா அப்பா? அன்றே தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டீர்களா?

வாய்தாவன்று எழுந்து நின்று, நான் எழுதியது தப்பு என்றேன். வக்கீல் முறைத்தார். "குழந்தை சாப்பிட்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று நீதிபதியம்மா கேட்டார். ரயிலில் பார்த்ததைச் சொன்னேன். அது போதும்தான். ஆனாலும் வாய் நிற்கவில்லை. "ஒன்பது வயசுல நானும் இதையேதான் சொன்னேங்கம்மா. எங்கப்பா என்னைக் காட்டிக்குடுக்கல." அவர் மனுவை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, சனிக்கிழமை ராத்திரி அப்படியே இருக்கட்டும் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் அந்த இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். "இனிமே புள்ளைகிட்ட சாப்ட்டியான்னு கேக்கக் கூடாது. கொண்டுவந்து விடறவங்க, என்ன சாப்ட்டாள்னு கூட்டிட்டுப் போறவங்ககிட்ட நேரா சொல்லணும். பாவம், ஒரு வயிறுதானே இருக்கு அதுக்கு!" இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி தலையை ஆட்டினார்கள்.

நேற்று சாயங்காலம் அதைப் பார்க்கத்தான் ஆவடிக்குப் போனேன். குட்டிம்மாவின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னார். "மீன் கொழம்பு. ரெண்டு தபா சோறு வாங்கிக்கினா." அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, "முள்ளு எடுத்துக் குடுத்தியா?" என்றாள். "குட்த்தேன்." அவ்வளவுதான் பேச்சு. குட்டிம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மா கேட்காமலேயே அவளை அணைத்துக்கொண்டாள். அந்த நிம்மதியில்தான் ரயிலில் எனக்குக் கண் சொக்கிவிட்டது, நீங்களும் வந்தீர்கள்.

மறுபடி வாருங்கள் அப்பா. அதே மரத்தடிக்கு, அதே கரண்டியோடு. இந்தத் தடவை எந்த ஸ்டேஷன் வந்தாலும் விழிக்கமாட்டேன், பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். இது சத்தியம். ஒன்பது வயதில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்: சாப்பிட்டேன்ப்பா. நீங்கள் போட்டதெல்லாம் சாப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நீங்கள் என்னைப் பட்டினி போடவில்லை.

என்றும் வயிறு நிறைந்த
உங்கள் மகள்,
பூங்கொடி