பெட்டிக்கு ஒன்று

அன்பு மகளுக்கு,

விரலில் மூன்று தையல் உனக்குச் சின்ன விஷயமா? ஒயர் சீவும்போது மடக்குக் கத்தி தானாக மூடிக்கொண்டது என்றால் தப்பு உன் கையில் இல்லை. அலகை நிறுத்திப் பிடிக்கும் தகடு இப்போதெல்லாம் மெலிசாகத்தான் வருகிறது.

முன்பு எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு கத்தியையும் பத்து முறை திறந்து மூடிப் பார்த்த பிறகே, பார்த்தவர் தன் எண்ணைக் கைப்பிடியில் குத்துவார். போன வருஷம் வந்த மேனேஜர், "பெட்டிக்கு ஒண்ணு பாத்தா போதும், மத்ததுல சும்மா நம்பரக் குத்தி விடுங்க" என்றார். கத்தி பார்க்கும் எங்கள் ஐந்து பேரில் ஒருவர் மட்டும் வேலையே வேண்டாம் என்று எழுந்து போனார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நாங்கள் சிரித்தோம்.

உன் கத்தியின் கைப்பிடியில் பதினேழு என்று இருப்பதாக எழுதியிருந்தாய். "அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்கப்பா" என்றும் எழுதியிருந்தாய். கேட்டுவிட்டேன். அவனும் அன்று சிரித்தவன்தான்.

இத்துடன் என் பழைய கத்தியை அனுப்புகிறேன். பத்து முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டேன்.

உன் அப்பா,
பதினேழு